பத்தாவது வட்டம்

பவுடர் என்றால்தான் ஊருக்கு அவரைத் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதையும் யாரும் படித்துப் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வருடமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். யார் உள்ளே வந்தாலும் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, முகம் முழுக்கப் பவுடரை ஒற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்புறம் விளக்கு. அம்மைத் தழும்போ வெட்டுக்காயமோ கண்ணுக்குக் கீழே கருவளையமோ, அவர் விளக்கைத் திருப்புகிற திருப்பில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அவர் எடுத்த படத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்ன ஒரு மாப்பிள்ளை, பெண் பார்க்கப் போன இடத்தில், "அக்காவைக் காட்டினது போதும், பொண்ணைக் கூப்பிடுங்க" என்றானாம். ஊரில் சொல்வார்கள். அவரும் கேட்டுச் சிரிப்பார்.

அப்படிப்பட்ட மனிதரைக் கூப்பிட்டு, சண்டையில் உடைந்த வீடுகளைப் படம் எடு என்று வேலை கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

யுத்தம் முடிந்து இரண்டு வருடம் கழித்து ஊருக்குள் ஒரு புனரமைப்பு அலுவலகம் வந்தது. கொத்தனார்கள் கைவைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டின் காயத்தையும் படம் எடுத்துக் கோப்பில் ஒட்டவேண்டும். முறை எளிது. குண்டோ சிதறலோ பட்ட இடத்தைச் சுற்றி மஞ்சள் சாக்பீஸால் வட்டம், பக்கத்தில் எண், அதன் கீழே ஓர் அடி ஸ்கேல், பிறகு படம். கடைசியில் படம் எடுத்தவர் கையெழுத்துப் போடவேண்டும்: 'வட்டமிட்டவை அனைத்தும் யுத்தத்தில் பட்டவை என நேரில் விசாரித்து அறிந்தேன்.' கூரையைத் தாங்குகிற சுவரில் பத்து வட்டம் இருந்தால் சுவரையே இடித்துப் புதிதாகக் கட்டி, கூரையும் போட்டுக் கொடுப்பார்கள். அது முதல் பட்டியல். பத்துக்குக் குறைந்தால் இரண்டாம் பட்டியல். அது எப்போது வரும் என்று கேட்டால் அலுவலகத்தில் ஆளாளுக்குச் சுவர் காலண்டரைப் பார்ப்பார்கள்.

மொத்தம் நாற்பத்தொரு வீடுகள். பவுடர் ஒரே மாதத்தில் நாற்பதை எடுத்து முடித்துவிட்டார். அவ்வளவும் திரும்பி வந்தது.

அலுவலகத்துப் பொறியாளர் சின்னப் பெண். மூக்குக் கண்ணாடியை எப்போதும் தலைமேல் ஏற்றி வைத்திருப்பாள். படங்களை மேசைமேல் பரப்பிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, இந்த வீடெல்லாம் விக்கப் போறாங்களா?"

"ஏம்மா, படம் நல்லா வரலையா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. அதுதானே பிரச்சினை. ஓட்டை எங்கே?"

அவர் குனிந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கே வெட்கமாகிவிட்டது. முப்பத்தைந்து வருடப் பழக்கம் சும்மா விடுமா? ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி, வெயிலை மட்டுப்படுத்தி, நேர் எதிரே நின்று எடுத்திருக்கிறார். பாதிச் சுவர் பெயர்ந்த வீடுகூடக் கல்யாணப் பெண் மாதிரி சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் வட்டம் இருக்கிறது, வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.

"மறைக்கிறதுக்குத்தாம்மா நான் படிச்சது. காட்டுறதுக்கு இல்ல" என்றார்.

"பக்கவாட்டுல வெளிச்சம் விழுற நேரமாப் பாத்து எடுங்க ஐயா. சின்னக் கீறல்கூடத் தப்பாது. மாசக் கடைசி நாள் மத்தியானத்துக்குள்ள கொண்டு வந்துடணும், அதுக்கப்புறம் பட்டியல் மூடிடும்."

இதைக்கூடத் தெரியாதவரா அவர்? பக்கவாட்டு வெளிச்சம் முகத்தை எப்படிக் கெடுக்கும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவர். பல்லைக் கடித்துக்கொண்டு காலையும் மாலையும் வெயில் சாய்கிற நேரமாகப் பார்த்து ஓடி ஓடி நாற்பது வீடுகளையும் மறுபடி எடுத்தார். சுவர்கள் உண்மையைக் கக்கின. நாற்பதும் ஏற்கப்பட்டன. மிச்சமிருந்த ஒன்றை மட்டும் முதலிலிருந்தே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார். நாளைக்கு மத்தியானம் கெடு.

அந்த ஒரு வீடு அவர் பிறந்த வீடு. இப்போது அவருடைய அக்காவின் வீடு.

அக்காவுக்கு அறுபத்திரண்டு. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் தையல் மெஷினை மிதித்தே இரண்டு தம்பிகளையும் ஆளாக்கியவள். சண்டை முடிந்து ஊர் திரும்பியதிலிருந்து பவுடரின் ஸ்டுடியோவுக்குள் குடியிருக்கிறாள். அருவி வரைந்த திரைக்குப் பின்னால் அவள் கட்டில். முன்பக்கம் யாராவது அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தால் இருமக்கூட முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டும்.

"அருவிக்குப் பின்னால எத்தனை நாள்டா படுத்துக் கிடக்குறது? நாப்பத்தொரு வீட்டுல என் வீடு ஒண்ணுதான் உனக்கு இளப்பமாப் போச்சா?" என்று காலையிலேயே பிடித்துக்கொண்டாள். "என் வீட்டுல ஒரு நாளாவது காலை நீட்டிப் படுத்துட்டுச் செத்துப் போறேன். இன்னிக்கு எடுக்கலை, உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது."

வேறு வழியில்லை. மூன்றரை மணிக்குக் கேமராவையும் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாக்பீஸ் அக்கா கையில்.

கூரை இல்லாத வீட்டுக்குள் நுழைவது ஒரு மாதிரிதான் இருக்கும். கதவைத் திறந்து உள்ளே போகிறோம், தலைக்கு மேலே வானம். முன்னறையில் முழங்கால் உயரத்துக்குச் செடி முளைத்திருந்தது. தெருப்பக்கத்து ஜன்னல் இருந்த இடத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு நேர் எதிரே நடுச்சுவர். கூரையைத் தாங்கியது அதுதான். வந்த குண்டையெல்லாம் வாங்கிக்கொண்டதும் அதுதான். மேற்குப் பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாக இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகும். சுவர் எப்போது எப்படி வெளிச்சம் வாங்கும் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அந்த ஜன்னலடியில் உட்கார்ந்துதான் மூவரும் பாடம் படித்தார்கள்.

அக்கா செடியைக் காலால் ஒதுக்கிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேலையில் இறங்கிவிட்டாள். இடுப்பு உயரத்தில் ஒரு பள்ளம். சாக்பீஸைக் கொண்டுபோனாள்.

"அது குண்டு இல்லக்கா" என்றார் பவுடர். "உன் மெஷின் சக்கரம். அங்கதானே போட்டிருந்த? இருபது வருசம் உரசி உரசிப் பேத்து வச்சிருக்க."

அவள் குனிந்து, பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தாள். "ஆமாண்டா! தீபாவளி சீசன்ல ராப்பகலா மிதிச்சேன்ல. சக்கரம் சுத்துறப்ப சுவரே கிடுகிடுன்னு ஆடும். தூங்க விடலைன்னு நீ என் ஊசியெல்லாம் எடுத்து ஒளிச்சு வப்ப" என்றாள்.

"நான் இல்ல. அவன்."

"நீதான். அவன் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்து குடுப்பான்."

அவன் என்றால் தம்பி. கடைக்குட்டி. சண்டை தொடங்கிய வருடத்தில், இருபத்துநாலு வயதில், ஒருநாள் விடியற்காலை வீட்டைவிட்டுப் போனவன். திரும்பவில்லை. உயிரோடு இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாக இவர்களுக்குள் அவனைப் பற்றி நடந்த பேச்செல்லாம் இப்படி ஒற்றை வரியோடு நின்றுவிடும்.

வெயில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. சுவர் மெதுவாக வாயைத் திறந்தது. அடேயப்பா! எத்தனை குழி, எத்தனை கீறல்! எல்லாம் யுத்தமென்று நினைத்து ஆசையாகச் சாக்பீஸை எடுத்தால், பாதி வீட்டு ஆட்களே செய்துவைத்த வேலை. அப்பாவின் நாற்காலி முதுகு இடித்துத் தேய்ந்த கோடு; அதற்கு மேலே அவர் தலை எண்ணெய் ஊறிய கறை, எத்தனை வெள்ளை அடித்தும் போகாதது. அம்மா பாய் சுருட்டி மாட்டுவதற்கு அடித்த ஆணி. நெகட்டிவ் காயப்போட பவுடர் கயிறு கட்டிய இரண்டு ஆணிகள்.

"இது?"

"பந்து. பக்கத்துல கண்ணாடி இருந்துச்சு, தப்பிச்சுது."

"இது நிச்சயமா குண்டு."

"குண்டுதான். போடு."

"இது என்னடா, அரைவட்டமா?"

"நீ தோசைக்கரண்டியை என் மேல எறிஞ்சது."

"போடா பொய்யா. எறிஞ்சேன், ஆனா உன் மேல பட்டுச்சு. சுவத்துல எப்படி இருக்கும்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கூரையில்லாத வீட்டில் அந்தச் சிரிப்பு மேலே போய்விட்டது. பவுடர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். இந்தச் சுவருக்கு முன்னால் மூன்று தட்டு வைத்துச் சாப்பிட்ட நாட்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கடைசித் தட்டுக்காரன் எப்போதும் சுவரில் சாய்ந்துதான் உட்காருவான். சட்டை முதுகெல்லாம் சுண்ணாம்பு. துவைக்கிறபோது அக்கா திட்டுவாள், அவன் அடுத்த வேளையும் சாய்வான். அந்த நாட்கள் திரும்பி வருமென்றால் இன்னொரு யுத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நொடி தோன்றியது. உடனே சீ என்று தலையை உதறிக்கொண்டார்.

வட்டங்கள் ஏறின. ஏழு. எட்டு. மூலையில், செடி மறைத்திருந்த இடத்தில், ஒன்பது. அப்புறம் தேடித்தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"ஒன்பதா?" அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "நல்லா எண்ணினியாடா? ஒண்ணே ஒண்ணுக்காகவா நான் அருவிக்குப் பின்னால சாகணும்?"

பத்தாவது எங்கே இருக்கிறது என்று அவருக்கு வந்ததிலிருந்தே தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமல் ஸ்டாண்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

வெயில் இன்னும் சாய்ந்தது. மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில், இதுவரை வழுவழுவென்று இருந்த இடம் மெல்லப் புடைத்துக் காட்டியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி, அதை அடைத்துப் பூசிய பூச்சு, பூச்சின்மேல் நாலு விரல் இழுத்த தடம்.

"இதோ இருக்கே!" அக்கா ஏறக்குறைய ஓடினாள். "எப்படிடா மறந்தேன்? இதைத்தான் முதல்ல போட்டிருக்கணும். பூசின ஆளோட விரல்கூடத் தெரியுது பாரு. தம்பி போறதுக்கு முந்தின நாள் ஜன்னல் வழியா வந்த சிதறல். அவன் காதை உரசிட்டுப் போச்சுன்னு நீதானே சொன்ன?"

ஆமாம், அவர்தான் சொன்னார்.

"நான் தைச்ச துணியைக் குடுத்துட்டு வர்றேன், பூச்சு இன்னும் ஈரமா இருக்கு. அவன் இங்க உக்காந்திருக்கான், மூஞ்சியில ஈயாடலை." சாக்பீஸைப் பிடித்தபடியே அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "துணை இருக்கவேண்டியவ நான் என்ன பண்ணேன்? 'ஒரு சின்னத் துண்டுக்கு இப்படி வெளுத்துப் போயிட்டியே, பயந்தாங்கொள்ளி'ன்னு கேலி பண்ணேன். ஒரு வார்த்தை பேசலைடா அவன். உன்னை ஒரு பார்வை பாத்தான், தலையைக் குனிஞ்சுக்கிட்டான். மறுநாள் காலையில ஆளைக் காணோம். பயந்தாங்கொள்ளி இல்லைன்னு காட்டத்தான் போனான். நான்தான் அனுப்பினேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் இதைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. இப்படி ஒன்றை அவள் சுமந்துகொண்டிருப்பாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவர் ஏதோ ஒரு சின்னப் பொய் சொன்னதாகத்தான் நினைத்திருந்தார். அது போய் எங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

அவள் வட்டம் போடக் கையைத் தூக்கினாள். போட்டால் பத்து. அந்தப் பொறியாளர் பெண் தலைமேல் இருக்கிற கண்ணாடியை இறக்கிப் பார்த்தாலும் இதில் குறை கண்டுபிடிக்க முடியாது. வீடு வந்துவிடும். சுவரை இடித்துவிடுவார்கள், தடயமும் போய்விடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"போடாதக்கா."

"ஏன்?"

"அது சிதறல் இல்ல."

"பின்ன?"

"நான்." அவர் ஸ்டாண்டின் தலையைத் தட்டிக் காட்டினார். "இது மாதிரி ஒரு இரும்புத் தலை, பழைய ஸ்டாண்டோடது. அதைத் தூக்கி அவன்மேல எறிஞ்சேன்."

அக்கா திரும்பினாள். சாக்பீஸ் தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஸ்டுடியோவுல ஒரே ஒரு பிலிம் ரோல்தான் மிச்சம் இருந்துச்சு. வெளியூர் போக எல்லாருக்கும் அட்டைக்குப் படம் வேணும், கூட்டம் நிக்குது. இவன் என்ன பண்ணான், என்கிட்ட கேக்காம அதை எடுத்துட்டுப் போய், எரிஞ்ச கடை, விழுந்த கம்பம், சல்லடையான பள்ளிக்கூடச் சுவர்னு தெருத் தெருவா எடுத்துட்டு வந்து நிக்கிறான். எனக்குத் தலைக்கேறிடுச்சு. கேமராவைத் திறந்து மொத்தப் பிலிமையும் வெளிச்சத்துல உருவிப் போட்டேன். 'ஊர் மூஞ்சிக்கெல்லாம் பவுடர் போட்டீங்க, இடிஞ்ச தெருவுக்கும் போடுவீங்களா'ன்னு கேட்டான். அப்பதான் எறிஞ்சேன். போய்த் தொலை, இந்த வீட்டுல உனக்கு இடமில்லைன்னும் சொன்னேன்."

"போய்த் தொலைன்னா சொன்ன?"

"சொன்னேன்."

பளாரென்று முதுகில் ஓர் அடி விழுந்தது. அக்காவுக்கு இன்னும் கையில் வலு இருந்தது. இன்னொன்று. "இருபத்திரண்டு வருசம்டா! தினம் தினம் என் வாயை நானே சபிச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்துலயே உக்காந்து சோறு தின்னியேடா, படுபாவி!"

அவர் வாங்கிக்கொண்டார். நாற்பது வீட்டின் காயத்தையும் எடுத்து அடுக்கிவிட்டால் அந்த ஒரு ரோலுக்கு ஈடாகிவிடும் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன் என்று சொல்ல நினைத்தார். சொல்லவில்லை. சொன்னால் இன்னும் இரண்டு அடி விழும், விழவேண்டியதுதான்.

அவள் செடிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. அது அடங்கியதும், "எறிஞ்சியே, அவன் என்ன பண்ணான்?" என்றாள்.

"குனிஞ்சுட்டான். சுவத்துல பட்டுச்சு. ரெண்டு பேரும் அப்படியே நின்னோம். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சுட்டான்."

"சிரிச்சானா?"

"விழுந்து விழுந்து சிரிச்சான். 'இவ்வளவு பக்கத்துல நின்னும் குறி தப்புதே, நீங்க எப்படிண்ணே போக்கஸ் பண்றீங்க'ன்னான். எனக்குச் சிரிப்பு வரலை. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். அக்கா வந்தா உங்களைக் கொன்னுடுவாங்கன்னு சொல்லி, அவனே சுண்ணாம்பைக் குழைச்சு அடைச்சான். பூசினது வேற யாரும் இல்லக்கா, அவன் விரல்தான் அது. நீ உள்ள வந்ததும் நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் என்னைக் காட்டிக் குடுக்கலை."

அக்கா எழுந்து சுவரருகே போனாள். அந்த நாலு கோட்டிலும் தன் விரல்களை வைத்தாள். அவளுடையவை குட்டை, எட்டவில்லை. "எப்படிண்ணே போக்கஸ் பண்றீங்க" என்று அவன் குரலிலேயே முணுமுணுத்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அவன் பேசினதையெல்லாம் எண்ணி வச்சிருந்தேன்டா. எல்லாம் தேஞ்சு போச்சு. இருபத்திரண்டு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் புதுசா ஒண்ணு பேசியிருக்கான்."

சாக்பீஸைச் சேலையில் முடிந்துகொண்டாள். "ஒன்பதுன்னே எழுது. நம்ம சண்டையை ஊர்ச் சண்டைக் கணக்குல சேக்க வேண்டாம்."

"முதல் பட்டியல் போயிடும்க்கா."

"போகட்டும். இடிக்க மாட்டாங்கல்ல?"

அவர் ஒன்பதையும் எடுத்தார். அவள் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு வட்டம் வட்டமாக நகர்ந்தாள். படிவத்தில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெயில் ஜன்னலை விட்டு இறங்கிவிட்டது, சுவர் பழையபடி வழுவழுவென்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் பவுடர். இதை மட்டும் விட்டுவைத்தால் மறுபடி இருபது வருடம் ஆகிவிடும் என்று அவருக்குப் பயமாக இருந்தது. "அவன் போனப்ப நான் தூங்கலை. தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம் கேட்டுச்சு. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நின்னிருப்பான். கோபத்துல எழுந்திருக்காமப் படுத்திருந்தேன்."

அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் கேட்டேன்டா" என்றாள். "முறுக்கிக்கிட்டுப் போறான், பசிச்சா வந்துடுவான்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன்."